குறளா, சிலம்பா, சங்கப் பாட்டா? வீட்டில் குழந்தைக்குப் பழந்தமிழை எதிலிருந்து தொடங்குவது

ஏழெட்டு வயதுக் குழந்தைக்குப் பழைய தமிழ் இலக்கியத்தை வீட்டிலேயே அறிமுகப்படுத்த வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் பெரும்பாலும் புத்தகக் கடையிலேயே தடுமாறி நின்றுவிடுகிறார்கள். ஒரு தட்டு முழுவதும் திருக்குறள் உரைகள், அடுத்த தட்டில் சிறுவர்களுக்கான காப்பியச் சுருக்கங்கள், அதற்குக் கீழே வழவழப்பான படக்கதைகள், மூலையில் ஐந்து பாகங்களாகப் ‘பொன்னியின் செல்வன்’. எல்லாவற்றையும் வாங்கி அலமாரியில் அடுக்கிவிடலாம். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடையில் கிடைக்கும் அரைமணி நேரத்தில், தமிழை முறையாகப் படித்திராத ஒரு தாயோ தந்தையோ, தமிழைப் பேசத் தெரிந்தும் சரளமாக வாசிக்கத் தெரியாத ஒரு குழந்தையோடு உட்கார்ந்து எதைத் திறப்பது என்பதைக் கடைக்காரர் சொல்லித் தர முடியாது. அந்த அரைமணி நேரத்துக்கு எது பொருந்தும் என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பள்ளித் தேர்வையும் போட்டிகளையும் கணக்கில் கொள்ளவில்லை.

நான் எடைபோடும் முறையை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மூல நூலின் குரல் குழந்தையின் காதில் விழுகிறதா என்பதே எனக்கு முதல் கேள்வி. கதையை மட்டும் தெரிந்துகொள்வதற்கு இலக்கியம் தேவையில்லை, பாட்டி போதும். கேட்டபின் குழந்தைக்குத் திருப்பிக் கேட்க ஏதாவது இருக்கிறதா என்பது அடுத்தது. அலுவலகத்திலிருந்து அலுத்துவரும் நாளிலும் பெற்றோரால் இதைத் தொடர முடியுமா என்பதையும் விட்டுவிட முடியாது, ஏனென்றால் இத்தகைய முயற்சிகள் பலவும் குழந்தை சலித்து நிற்பதில்லை, பெரியவர் சலித்தே நின்றுபோகின்றன.

நம் வீடுகளில் வழக்கமாக முதலில் கைக்கு வருவது ஔவையாரின் ஆத்திசூடியும் அதைத் தொடர்ந்து திருக்குறளும். ஆத்திசூடியின் அமைப்பு சிறு குழந்தைக்கென்றே செய்தது: அகர வரிசையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓரடி, அடிக்கு இரண்டு மூன்று சொற்கள். நான்கு வயதில் ‘அறம் செய விரும்பு, ஆறுவது சினம்’ என்று சொல்லிக்கொண்டே படியேறும் குழந்தைக்கு எழுத்தின் வரிசையும் சொல்லின் ஓசையும் ஒருசேர வந்துவிடுகின்றன. அந்த வயதுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஏழு வயதுக்குமேல் அது மட்டும் போதாது. அறிவுரையைக் கேட்டுக் குழந்தை தலையாட்டலாமே தவிர, அதில் ‘பிறகு என்ன ஆயிற்று?’ என்று கேட்பதற்கு இடமில்லை.

திருக்குறளின் சிக்கல் வேறு. 133 அதிகாரம், 1330 குறள் என்ற எண்ணிக்கையே ஓர் இலக்காக மாறி, ஒப்புவித்தலே நோக்கமாகிவிடுகிறது. 1330 குறளையும் முற்றோதல் செய்யும் மாணவர்களுக்குத் தமிழக அரசே பரிசு கொடுக்கிறது; அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஏனெனில் சிறு வயதில் காதில் தங்கியது பிற்காலத்தில் பொருளோடு திரும்பி வருவதைப் பலர் அனுபவித்திருக்கிறார்கள். ஆனாலும் கடவுள் வாழ்த்தில் தொடங்கி வரிசையாகப் போகும் வீடுகளில், துறவு, மெய்யுணர்தல் போன்ற அதிகாரங்கள் வரும்போது, சொல்லிக்கொடுப்பவருக்கே என்ன சொல்வது என்று தெரியாமல் போய்விடுகிறது.

வரிசையை விட்டுவிட்டால் குறள் வேறொரு நூலாகிவிடும். கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளோ உயிரோ உள்ள குறள்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். மயிலிறகை ஏற்றிய வண்டிகூட அளவுக்கு மிஞ்சினால் அச்சு முறியும் என்கிறது ஒன்று. ஆழத் தண்ணீரில் எல்லாவற்றையும் வெல்லும் முதலை, தண்ணீரை விட்டு வெளியே வந்தால் மற்றவற்றிடம் தோற்கும் என்கிறது இன்னொன்று. பகலில் ஆந்தையை வெல்லும் காக்கை, காத்திருந்து குத்தும் கொக்கு, ஐந்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆமை, தோண்டத் தோண்ட ஊறும் மணற்கேணி என்று தேடினால் ஒரு சிறிய விலங்குக் காட்சிசாலையே கிடைக்கும். பள்ளிப் பையில் புத்தகங்களைத் திணித்துக்கொண்டு நிற்கும் குழந்தையிடம் ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்று சொல்லிவிட்டு வண்டியையும் மயிலிறகையும் விளக்கினால், அந்தக் குறளை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டிய அவசியமே வராது. ஆகவே குறளைச் சமயம் பார்த்துச் சொல்வதற்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. இரவு அரைமணி நேரத்துக்கான முதன்மை நூலாக அது சரிவராது.

படக்கதைகளையும் காணொளிகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை யார், எங்கே, எப்போது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன, பயணத்தில் கைகொடுக்கின்றன. ஆனால் கண்ணகியின் முகத்தை ஓவியர் ஒருமுறை வரைந்து கொடுத்துவிட்டால் குழந்தை தனக்கென்று ஒரு கண்ணகியைக் கற்பனை செய்துகொள்வது கடினம். மூலத்தின் ஒரு சொல்கூட அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை.

உரைநடையில் திருப்பிச் சொன்ன நூல்கள் இவற்றைவிட ஒருபடி மேல். ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’, 1958-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘சக்கரவர்த்தித் திருமகன்’ ஆகிய இரண்டும் உரக்க வாசிப்பதற்கு வசதியான சிறு அத்தியாயங்களால் ஆனவை, வாக்கியங்கள் குட்டையானவை, குழந்தை இடையில் தூங்கிவிட்டாலும் மறுநாள் விட்ட இடத்தில் தொடரலாம். தமிழில் தடுமாறும் பெற்றோருக்கும் இவை துணை நிற்கும். குறை என்று பார்த்தால், ராஜாஜி இடையிடையே நின்று கொஞ்சம் உபதேசம் செய்வார். அந்தப் பத்திகளை வாசிப்பவர் தாண்டிப் போகலாம், தவறில்லை.

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்தது. அதனாலேயே ஒவ்வோர் அத்தியாயமும் ‘அடுத்தது என்ன?’ என்ற தூண்டிலோடு முடிகிறது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் தொடக்கத்தை உரக்க வாசித்துப் பார்த்தால், எட்டு வயதுக் குழந்தைகூட இரண்டு அத்தியாயம் வரை உட்கார்ந்து கேட்கும். மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் தொல்லை தொடங்குகிறது: சிற்றரசர்களின் சதி, பட்டத்துரிமை, யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு வம்சப் பட்டியலையே நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. நந்தினி போன்ற கற்பனைப் பாத்திரங்களையும் அருண்மொழிவர்மன் போன்ற வரலாற்று மனிதர்களையும் குழந்தை பிரித்தறியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் குழந்தை தானாகவே எடுத்து வாசிக்கும்போது இதே நாவல் பெரும் இன்பத்தைத் தரும். அதற்கு முன்னால் பெரியவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை உரக்க வாசித்துத் தீர்ப்பது இருவருக்குமே பளு. மேலும் இது இருபதாம் நூற்றாண்டின் உரைநடை. பழந்தமிழின் ஓசைக்கு இது வழி திறக்காது.

சிலப்பதிகாரத்துக்கு வருகிறேன். மூன்று காண்டம், முப்பது காதை என்று கேட்டவுடன் பயம் வரலாம். முதல் முறை சொல்வதற்கு எட்டு, ஒன்பது நிகழ்ச்சிகள் போதும்; வஞ்சிக் காண்டத்தை அப்படியே பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தக் காப்பியம் வீட்டுக்கு ஏற்றது என்று நான் சொல்வதற்குக் காரணம், அதன் சிக்கல் ஒரு குழந்தையின் கையில் கொடுக்கக்கூடிய அளவுக்குச் சிறியது என்பதுதான். இரண்டு சிலம்புகள், பார்க்க ஒன்றுபோல் இருக்கின்றன, ஒன்றின் உள்ளே பரல் முத்து, மற்றொன்றில் மாணிக்கம், உடைத்தால்தான் தெரியும். இந்த ஒரு செய்தியை முதல் நாளிலேயே சொல்லி வைத்துவிட்டால், குழந்தை கதை முழுவதும் ‘அதை உடைத்துப் பார்க்க வேண்டியதுதானே?’ என்று பெரியவர்களுக்கு முன்னால் போய் நிற்கும்.

வழியில் குழந்தைக்குப் பிடிக்கும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. கோவலனையும் கண்ணகியையும் கேலி செய்த இருவரை, உடன் வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் பன்னிரண்டு மாதம் நரியாகத் திரியும்படி சபிக்கும் இடம் ஒன்று. குடத்துப் பால் உறையாமல், உறிவெண்ணெய் உருகாமல் ஆயர் சேரி கலங்கி நிற்கும் இடம் இன்னொன்று. அடைக்கலம் கொடுத்த ஆயர்குல மாதரியின் வீட்டில் கண்ணகி சமைக்கும் காட்சியை மட்டும் ஒரு முழு இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். பலாக்காய், வரிபோட்ட வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலி அரிசி என்று ஆயர் மகளிர் கொண்டுவந்து கொடுத்ததை இளங்கோ பட்டியலே போட்டிருக்கிறார். குமரி வாழையின் குருத்தை விரித்துப் பரிமாறுகிறாள். அதுதான் கோவலன் அவள் கையால் சாப்பிடும் கடைசிச் சாப்பாடு என்பது பெற்றோருக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது. அதை முன்கூட்டிச் சொல்லாமல் நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடு வாசிப்பவருக்கு வேண்டும்.

கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதையை உரைநடையில் முடித்துவிடுவது வீண். அங்கே மூலத்தைத் திறந்தே ஆக வேண்டும். ‘தேரா மன்னா செப்புவது உடையேன்’ என்று அவள் தொடங்கும்போதே குழந்தை நிமிர்ந்து உட்காரும். வாயில்மணியை அடித்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் ஊர் என் ஊர் என்று அவள் சொல்லும் அடிகளுக்கு முந்தைய நாளே மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லிவைத்திருக்க வேண்டும். அதன்பின் ‘மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே’ என்ற அடியை எந்த விளக்கமும் இல்லாமல் வாசிக்கலாம். மாணிக்கம் எங்கே போய் விழுந்தது என்பதை நான்கே சொற்களில் கேட்ட குழந்தை அதை மறக்காது. கதை முழுவதும் தெரிந்த பிறகு மூலத்தின் ஓர் அடி வந்து விழும்போது, ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுப் பழமை ஒரு தடையாகவே இருப்பதில்லை.

தயங்க வைக்கும் இடங்களும் உண்டு. மாதவியைப் பற்றி என்ன சொல்வது என்று பலர் கேட்கிறார்கள். மனைவியை விட்டுவிட்டு ஆடல் தெரிந்த இன்னொருத்தியோடு போய் இருந்தான், பணத்தையெல்லாம் தொலைத்தான், திரும்பி வந்தான் என்று நேராகச் சொன்னால் போதும். குழந்தைகள் அதில் நாம் நினைக்கும் அளவுக்குச் சிக்கிக்கொள்வதில்லை. கண்ணகி மார்பைத் திருகி எறிவதை இந்த வயதில் விட்டுவிட்டு, தீ மூட்டினாள் என்று சொல்லலாம். வளர்ந்தபின் தானே படிக்கட்டும். மதுரை எரிந்த இரவு என் மகள் கேட்டது கதாநாயகியைப் பற்றி இல்லை: ‘அங்கே இருந்த பாப்பாக்கள்லாம் என்ன ஆனாங்க?’ என்றுதான். அதற்கு நான் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. பார்ப்பாரையும் அறவோரையும் பசுக்களையும் பத்தினிப் பெண்டிரையும் முதியோரையும் குழவிகளையும் விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் போ என்று கண்ணகி தீக்கடவுளுக்குக் கட்டளையிடும் அடிகள் நூலிலேயே இருக்கின்றன, எடுத்துக் காட்டினேன். அந்தப் பட்டியலில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, ஏன் என்ற பேச்சு இன்னும் சில ஆண்டுகள் கழித்துத் தானாக வரும்.

இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் வளரும் குழந்தைக்கு இந்தக் கதை இன்னொரு வாசலாலும் வருகிறது. அங்கே கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை பாடுகிறார்கள். வீட்டில் கேட்டதைக் கோயிலில் மறுபடியும் கேட்கலாம். அந்த வசதி சென்னைக் குழந்தைக்கு இல்லை.

சிலம்புக்கு ஒரே குறை, அது தொடர்கதை என்பது. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டால் நூல் அறுந்துபோகும். அந்தக் குறை இல்லாதவை குட்டிப் பாடல்கள்: சங்கப் பாடல்களும் பிற்காலத் தனிப்பாடல்களும். ஒரு பாட்டு, ஒரு காட்சி, பத்து நிமிடம். நாளைக்கு எதுவும் மிச்சமில்லை. சங்க இலக்கியம் என்றாலே முனைவர் பட்டத்துக்கு உரியது என்ற ஒரு பயம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதற்குக் காரணம் அந்தப் பாட்டுகள் இல்லை, அவற்றை நமக்குப் பள்ளியில் திணை, துறை, இலக்கணக் குறிப்பு என்ற வரிசையில் கொடுத்தார்கள் என்பதே.

புறநானூற்றின் 188-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது, ஏழே அடிகள். குழந்தை குறுகுறுவென்று நடந்து வருகிறது, சிறு கையை நீட்டுகிறது, ‘இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்’ நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்கிறது. தம்பியோ தங்கையோ இருக்கும் வீட்டில் இதற்கு உரையே வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் கையால் காட்டினால் போதும். நற்றிணையின் 110-ஆம் பாட்டில் பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பாலை ஒரு கையிலும் சிறு கோலை மறு கையிலும் ஏந்தி நரைத்த தலைச் செவிலியர் துரத்துகிறார்கள். சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்குள் ஓடி ஒளிகிறாள் சிறுமி. சாப்பிட அடம்பிடிப்பது சங்க காலத்திலேயே நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் குழந்தைக்கு அதில் ஒரு கள்ளச் சிரிப்பு. வளர்ந்து புகுந்த வீட்டின் வறுமையில் அவள் பொழுது தவறி உண்ணும் பின்பாதியைச் சில ஆண்டுகளுக்குத் தள்ளிப்போடலாம். நற்றிணை 172-இல் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்துவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த அந்த மரம் உங்களுக்கு உடன்பிறந்தவள் என்கிறாள் தாய். தொட்டியில் ஒரு விதை நட்டிருக்கும் வீடுகளுக்கு இதைச் சிபாரிசு செய்கிறேன்.

சோகமும் வேண்டும், எல்லாம் சிரிப்பாக இருந்தால் குழந்தை ஏமாறாது. பாரியின் பெண்கள் பாடிய புறநானூறு 112-க்கு முன்னால், முல்லைக்குத் தேர் கொடுத்த கதையையும் மூவேந்தர் பறம்பு மலையை முற்றுகையிட்டதையும் சொல்லி, பாரி இறந்துவிட்டான், இரண்டு பெண்களும் தனியே நிற்கிறார்கள், போன பௌர்ணமியை நினைத்துக்கொள்கிறார்கள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு ஐந்து அடிகளை மெதுவாக வாசிக்க வேண்டும். ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்’ என்று தொடங்கி ‘இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்’ என்று மாறும்போது அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன போயிற்று என்பதைக் குழந்தையே சொல்லிவிடும்.

தனிப்பாடல்களில் விளையாட்டு கூடுதல். சத்திமுத்தப் புலவர் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டதை, தை மாதத்தில் ஒரு பனங்கிழங்கை வாங்கி உரித்துப் பிளந்து காட்டினால் தீர்ந்தது. செவ்வாம்பல் மலர்ந்ததைத் தண்ணீர் தீப்பற்றிவிட்டதாக நினைத்துப் பறவைகள் குஞ்சுகளைச் சிறகால் மூடிக்கொள்ளும் முத்தொள்ளாயிர வெண்பாவை வரையச் சொல்லலாம். காளமேகத்தின் பாம்பு–வாழைப்பழச் சிலேடையை விடுகதையாகப் போடலாம். ‘தோலுரிக்கும்’ வரை வந்ததும் குழந்தை கத்தும். தகர வரிசை எழுத்துகளாலேயே அமைந்த அவருடைய பாடல் நாப்பயிற்சிக்கு ஆகும், பொருள் கேட்டால் மட்டும் தப்பித்து ஓட வேண்டியிருக்கும்.

ஆக, எட்டு வயதுக்குக் கீழே என்றால் குட்டிப் பாடல்கள். எட்டைத் தாண்டிவிட்டால் சிலம்பு. இரண்டுக்கும் நேரம் உள்ள வீடுகளில் வாரநாட்களில் பாட்டு, சனி ஞாயிறுகளில் சிலம்பு என்று பிரித்துக்கொள்வது என் வழி. உரைநடை நூல்களைச் சுற்றிவர வைத்துக்கொள்ளலாம். குறளை வாயில் வைத்துக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் கதை முதலில், மூலம் பிறகு என்ற வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. மூலத்தை முதலில் வாசித்துவிட்டுச் சொற்பொருள் சொல்லத் தொடங்கினால் அறை உடனே வகுப்பாகிவிடும்.

புத்தகம் வாங்கும்போது சந்தி பிரித்த பதிப்பா என்று பாருங்கள். சொற்கள் ஒட்டிக்கிடக்கும் பதிப்பை உரக்க வாசிக்கப் பெரியவருக்கே மூச்சு முட்டும். மர்ரே எஸ். ராஜம் 1950-களிலேயே சந்தி பிரித்து மலிவு விலையில் பழைய நூல்களை வெளியிட்டது இந்தத் தொல்லைக்காகத்தான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இலவசம். மூலமும் பழைய உரைகளும் கிடைக்கின்றன. முந்தைய நாள் பதினைந்து நிமிடம் உரையைப் பார்த்துவிட்டு, அன்றைய இரவுக்கு நான்கைந்து அடிகளை மட்டும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொள்வது போதுமான தயாரிப்பு. தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு அந்தத் தாளே முதல் வாசிப்புப் பாடமும் ஆகிவிடுகிறது, ஏனெனில் காதில் விழுந்த அடியைக் கண் பின்தொடர்வது எளிது.

கம்பனை நான் விட்டுவிட்டதைச் சிலர் கவனித்திருப்பார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிவதற்கே பெற்றோருக்கு ஓரிரண்டு ஆண்டு வேண்டும். குழந்தைக்கும் சந்தம் பிடிபடப் பத்து வயதாவது ஆகட்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. கும்பகர்ணனை எழுப்பும் பாட்டில் ‘உறங்குகின்ற கும்பகர்ண’ என்பதில் தொடங்கி ‘எழுந்திராய் எழுந்திராய்’ வரை உள்ள இரண்டடியை எந்த வயதிலும் பயன்படுத்தலாம். பள்ளி வண்டி வர அரைமணி நேரமே இருக்கும் காலை வேளைகளில் எங்கள் வீட்டில் அது தினப்படி வழக்கம். இப்போதெல்லாம் போர்வைக்குள்ளிருந்தே அதே பாட்டின் கடைசி அடியிலுள்ள ‘உறங்குவாய் உறங்குவாய்’ பதிலாக வருகிறது.